மூண்டாம் வகுப்பு, இன்னும் வாசிக்கிறான் இல்லை. ஆராவது வழி சொல்லுங்கோ

கோண்டாவில் அம்மா:

வணக்கம். இஞ்ச கனகாலமா மற்ற ஆக்கள் எழுதுறதை வாசிச்சுப்போட்டுப் போற ஆள் நான், எழுதுறது இதுதான் முதல் தரம், நீளமா வந்திட்டுது, பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

என்ர மூத்தவன் தரம் 3, ஆவணியோட எட்டு வயசு முடியுது. வாய் திறந்தா மூடமாட்டான், அப்பம்மா இரவில சொல்ற கதையை அடுத்தநாள் விடிய அச்சொட்டாத் திருப்பிச் சொல்லுவான், திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனா மிச்சக்காசு எவ்வளவு எண்டு எனக்கு முதல் அவன் சொல்லுவான், தேப்பன் மோட்டச்சைக்கிள் கழட்டேக்க எந்தச் சாமான் வேணும் எண்டு கேக்காமலே எடுத்து நீட்டுவான். ஆனா தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தா அது வேற பிள்ளை. தோள் சுருங்கிப்போகும், கண்ணைக் கசக்குவான், தண்ணி விடாய்க்குது எண்டுவான், ஒண்டுக்கு வருது எண்டுவான்.

ரெண்டாம் வகுப்பு முடியிற வரைக்கும் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஏன் எண்டா பாடம் முழுக்கக் கடகடவெண்டு வாசிப்பான். போன மாசம் ஒருநாள் பந்தியின்ர நடுவில ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன எண்டு கேட்டன். அவன் முதல் வரியில தொடங்கி வாயுக்க சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சொல்லா விரலால தட்டித் தட்டி அந்த இடத்துக்கு வந்து நிண்டு "குருவி" எண்டான். வாசிக்கேல்லை, எண்ணியிருக்கிறான். முழுப் புத்தகத்தையும் பாடமாக்கி வச்சிருக்கிறான் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். அண்டிரவு நான் நித்திரை கொள்ளேல்லை.

பேந்து வெள்ளைத்தாளில நானே சின்னச் சின்னச் சொல்லா எழுதிக் குடுத்துப் பாத்தன். "மாமா" எண்டதை "மரமர" எண்டு வாசிக்கிறான். "கொக்கு" அவனுக்கு "கெக்கு". "படம்", "பட்டம்" ரெண்டும் ஒண்டு, நடுவில குற்று வச்ச எழுத்து நிக்கிறது அவன்ர கண்ணில படுறதே இல்லை. ஒரு வரியில சரியா வாசிச்ச சொல்லையே அடுத்த வரியில கண்டா புதுச்சொல்லு மாதிரி பாத்துக்கொண்டு இருக்கிறான்.

வகுப்பு ரீச்சரோட கதைச்சன், அவா நல்லவா, ஆனா 38 பிள்ளையள், "கவனம் இல்லை அம்மா, வீட்டில ஒவ்வொரு சொல்லையும் பத்துத்தரம் எழுத வையுங்கோ" எண்டா. எழுத வச்சன். பாத்து எழுதுறான், முத்து மாதிரி எழுதுறான், எழுதி முடிச்சிட்டு அது என்ன சொல்லு எண்டு கேட்டா தெரியாது. ஒருநாள் எனக்கு விசர் வந்து கையில அடிச்சுப்போட்டன். "அம்மா நான் மொக்கனா?" எண்டு கேட்டான். அது எனக்கு இண்டைக்கும் காதுக்க கேட்டுக்கொண்டு இருக்கு.

மாமி சொல்றா தேப்பனும் சின்னனில இப்பிடித்தான், பேந்து வந்திட்டுது, விடு எண்டு. பக்கத்து வீட்டு அக்கா சொல்றா இதுக்கு நிறக் கண்ணாடி இருக்காம், போட்டா எழுத்து ஆடாமல் நிக்குமாம் எண்டு. இன்னும் ரெண்டு வருசத்தில தரம் 5 ஸ்கொலசிப் சோதினை, சொந்தக்காரர் எல்லாம் இப்பவே எந்த ரியூசனுக்கு விடுறாய் எண்டு கேக்கினம். இது அந்த டிஸ்லெக்சியா, வாசிக்கத் தடுமாறுற குறைபாடு, எண்டுறதா? வீட்டில நான் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? ஆருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்கோ.


நல்லூர் அப்பா:

தங்கச்சி, கனக்க யோசிக்காதேங்கோ. போனையும் ரிவியையும் முதல்ல நிப்பாட்டுங்கோ. என்ர மகளும் தரம் 2 இல எழுத்துக் கூட்டேலாமல் நிண்டவ, பின்னேரம் ஒரு மணித்தியாலம் இருத்தி வச்சு எழுத வச்சு எழுத வச்சு வந்திட்டுது. எழுதினாத்தான் மனசில பதியும், நாங்கள் எல்லாம் அப்பிடித்தானே படிச்சனாங்கள். நல்ல ரியூசன் ஒண்டிலயும் விடுங்கோ, மற்றப் பிள்ளையளைப் பாத்து வரும்.


ஓய்வு ரீச்சர்:

பிள்ளை, உங்கட பதிவை ரெண்டுதரம் வாசிச்சன். நான் 31 வருசம் ஆரம்பப் பிரிவில படிப்பிச்சனான், கடைசிப் பதினொரு வருசம் விசேட கல்வி அலகில. உங்கட மகனை மாதிரி எத்தினையோ பிள்ளையளோட இருந்திருக்கிறன், அதால கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

முதல் ஒண்டு. ஒரு புத்தகம் முழுக்கக் காதால கேட்டே பாடமாக்கி, எத்தினையாவது சொல்லு எண்டு விரலால எண்ணிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மூளை குறைவில்லை. மற்றப் பிள்ளையள் கண்ணால செய்யிற வேலையை இவன் ரெண்டு வருசமா ஞாபகத்தால செய்துகொண்டு வந்திருக்கிறான். எவ்வளவு களைச்சிருப்பான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இதை அவனுக்கும் வாய் திறந்து சொல்லுங்கோ, "உனக்கு வாசிக்கிற வழி ஒருத்தரும் சரியாக் காட்டேல்லை, இனி நாங்கள் ரெண்டுபேரும் அதைப் பழகுவம்" எண்டு. மொக்கனா எண்டு கேட்ட கேள்விக்கு அவனுக்கு மறுமொழி வேணும்.

அடுத்தது கண்ணும் காதும். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆக்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளையளைத்தான் பாக்கிறவை, இவன் தரம் 3, அதால காத்திருக்காமல் நீங்களே ஒருக்காப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கோ. காதுக்க சளி கட்டி மாசக்கணக்கா அரைக் காது கேட்டுக்கொண்டு இருந்த பிள்ளையைக் கவனமில்லை எண்டு மூலையில இருத்தி வச்சிருந்ததை நான் கண்ணால கண்டிருக்கிறன்.

இனி தமிழ் எழுத்தின்ர கதை. 247 எழுத்து எண்டு நாங்கள் பெருமையாச் சொல்றம், ஒரு சின்னப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காடு எண்டு நினைக்கிறேல்லை. 26 எழுத்துப் படிக்கிற பிள்ளையும் 247 படிக்கிற பிள்ளையும் ஒரே கெதியில வரவேணும் எண்டு எதிர்பாக்கேலாது. சோனாலி நாக் எண்ட ஆராய்ச்சியாளர் கன்னடப் பிள்ளையளை வச்சு 2007 இல ஒரு கட்டுரை எழுதினவா, அதுவும் எங்கட மாதிரி உயிர்மெய் எழுத்துள்ள மொழிதான், பிரச்சினை ஒண்டும் இல்லாத பிள்ளையளுக்கே எழுத்து முழுசாப் பிடிபட ஆரம்ப வகுப்பில கன வருசம் எடுக்குது எண்டு காட்டினவா. அப்ப தடுமாறுற பிள்ளைக்கு இன்னும் நேரம் வேணும்தானே.

உங்கட மகன் விடுற பிழையள் சும்மா வாறது இல்லை, ஒவ்வொண்டுக்கும் காரணம் இருக்கு. "மாமா"வை "மரமர" எண்டது ஏன்? அரவு எண்ட ா குறியும் ர வும் கண்ணுக்கு ஒண்டுதான், ர வுக்குக் கீழ ஒரு சின்னக் கால் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். "கொக்கு" ஏன் "கெக்கு" ஆகுது? கண்ணுக்கு முதல் தெரியிறது கொம்பு (ெ), அவன் இடப்பக்கமிருந்து ஒழுங்காத்தான் வாறான், கெ எண்டு வாசிச்சு முடிச்சிட்டான், பின்னுக்கு ஒரு அரவு வந்து அதை மாத்துமெண்டு அவனுக்கு ஆரும் ஆறுதலாக் காட்டேல்லை. எழுத்தில முன்னுக்கு நிக்கிறது சத்தத்தில பின்னுக்கு வருது. இதோட க எண்ட ஒரே எழுத்து "கல்"லில ஒரு மாதிரி, "பகல்"ல ஒரு மாதிரி, "பங்கு"ல ஒரு மாதிரி. நாங்கள் வாயால வாளைப்பளம் எண்டுறம், புத்தகத்தில வாழைப்பழம். வீட்டில "நான் போறன்", புத்தகத்தில "நான் போகிறேன்". ஊகிச்சு வாசிக்கிற பிள்ளை "போ" வைக் கண்டதும் "போறன்" எண்டு தன்ர பேச்சைச் சொல்லிப்போடும், நாங்கள் பிழை பிழை எண்டு தலையில குட்டுவம்.

இப்ப செய்யிற வேலை. ஏடு தொடக்கேக்க ஐயர் மடியில இருத்தி விரலைப் பிடிச்சு அரிசியில "அ" எழுத வச்சது ஞாபகம் இருக்கோ? அதை ஒருநாளோட விட்டிட்டம். எங்கட பழைய ஆக்கள் மணலில விரலால எழுதித்தான் முழு அரிச்சுவடியும் படிச்சவை. ஒரு சுளகில அரிசியோ குருமணலோ பரவி வையுங்கோ. எழுத்தை விரலால பெரிசா எழுதேக்க அதே நேரம் வாயால அதின்ர சத்தத்தையும் இழுத்துச் சொல்லோணும், ம்... ஆ... மா. கண், காது, வாய், விரல் நாலும் ஒரே வேலையைச் செய்யோணும். அமெரிக்காவில ஓர்ட்டன், கில்லிங்ஹாம் எண்ட ரெண்டுபேர் 1930களில இந்தப் பிள்ளையளுக்கெண்டு ஒழுங்குபடுத்தின முறையும் இதைத்தான் சொல்லுது.

247 ஐயும் வரிசையாத் தொடங்காதேங்கோ. ட, ப, ம, ர, த, க, வ எண்டு ஏழு எழுத்து எடுங்கோ, ம் எண்டதையும் சேத்துக்கொள்ளுங்கோ. அதுக்குள்ளயே படம், மரம், தரம், கரம், வரம், மகம் எண்டு கனக்கச் சொல்லு வரும். அது நல்லாப் பிடிபட்ட பிறகு அரவு. அரவைத் தனி எழுத்தா ஒருநாளும் காட்டாதேங்கோ, "மா" முழுக்க ஒரே மட்டையில இருக்கோணும், அரவுக்கு மட்டும் சிவப்புப் பென்சில். அப்ப அது ர வோட குழம்பாது. பிறகு மற்றக் குறியள் ஒவ்வொண்டா. கொம்பு கடைசிக்குக் கிட்ட. கொ வுக்கு மூண்டு துண்டையும் சுத்திப் பென்சிலால ஒரு பெட்டி கீறுங்கோ, பெட்டிக்குள்ள இருக்கிறது எல்லாம் ஒரே சத்தம் எண்டு சொல்லிக் குடுங்கோ. ஒண்டை ஒண்டு மாதிரி இருக்கிறதுகளை ஒரே கிழமையில குடுக்காதேங்கோ, ரெண்டு சுழி ன வந்து ஒரு மாசம் போன பிறகு மூண்டு சுழி ண. ல, ள, ழ வும் அப்பிடித்தான்.

புத்தகமே இல்லாமல் செய்யிற வேலையும் இருக்கு. சமைக்கேக்க, சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போகேக்க கேளுங்கோ: "மரம் எண்டதில ம வை எடுத்துப்போட்டு வ வைப் போட்டா என்ன வரும்?" "பால், கால், வால், இதுக்குள்ள மாறினது என்ன?" "பட்டம் எண்டதை ரெண்டு துண்டா உடை." வாசிப்புத் தடுமாறுற பிள்ளையளில கனபேருக்குக் கண் பிழைக்கிறேல்லை, சொல்லுக்குள்ள இருக்கிற சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கிறதுதான் கஸ்டம். இந்த விளையாட்டு அதுக்கு மருந்து மாதிரி.

நேரம் 15 நிமிசம். ஒரு நாளும் விடாமல். சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் இருத்தி வைக்கிறதால ஒண்டும் வராது. பத்துத்தரம் எழுதுறதை இண்டையோட நிப்பாட்டுங்கோ, நல்லூர் அப்பா கோவிக்கக்கூடாது, உங்கட மகளுக்குச் சரிவந்தது சந்தோசம்தான், ஆனா இந்தப் பிள்ளை எழுத்தைப் படம் மாதிரிப் பாத்துக் கீறுது, சத்தத்தோட சேருதில்லை. ஆயிரந்தரம் கீறினாலும் சேராது. அடியும் வேண்டாம். நீங்கள் ஒருக்கா அடிச்சதை எழுதியிருக்கிறியள், அவனிட்ட மன்னிப்புக் கேட்டிட்டு அங்கால போங்கோ.


வேலணைப் பெடியன்:

அக்கா இது அப்பிடியே என்ர கதை. எனக்கு இப்ப 28. ஏசி, பிரிட்ஜ் திருத்துறன், எனக்குக் கீழ ரெண்டு பெடியள் வேலை செய்யினம். தரம் 6 வரைக்கும் எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டது வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது.

வகுப்பில வரிசையா எழுப்பி ஒரு ஆளுக்கு ஒரு பந்தி வாசிக்க விடுவினம் தெரியும்தானே. எனக்கு முன்னுக்கு எத்தினை பேர் எண்டு எண்ணி, எனக்கு எந்தப் பந்தி வரும் எண்டு பாத்து, அதைப் பக்கத்தில இருக்கிறவனைக் கொண்டு மெல்லமா வாசிக்க வச்சுப் பாடமாக்குவன். ஒருத்தர் அண்டைக்கு வரேல்லை எண்டா கணக்குப் பிழைச்சிடும். அந்தப் பயத்தில வயித்துக்குத்து வரும், உண்மையாவே வரும், அம்மா அதுக்குச் சுடுதண்ணி தருவா. உங்கட மகன் தண்ணி விடாய்க்குது ஒண்டுக்கு வருது எண்டுறது பொய் இல்லை அக்கா.

என்னைத் தூக்கி விட்டது ஒரு சேர். அவர் செய்தது ஒண்டே ஒண்டு, இனி உன்னை வகுப்பில சத்தமா வாசிக்கச் சொல்லமாட்டன், நீ விரும்பினா மட்டும் கை உயர்த்து எண்டு தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். அண்டைக்குப் பிறகு வயித்துக்குத்து இல்லை. பிறகு பின்னேரத்தில என்னை இருத்தி எழுத்திலயிருந்து தொடங்கினவர், தரம் 6 பெடியனுக்கு எழுத்துப் படிப்பிக்கிறம் எண்டு ஒருக்காலும் சிரிக்கேல்லை. நீங்கள் வகுப்பு ரீச்சரிட்ட இந்த ஒரு உதவியை மட்டும் கேளுங்கோ, எல்லாருக்கும் முன்னால எழுப்ப வேண்டாம் எண்டு. 38 பிள்ளையள் இருந்தாலும் இது செய்யலாம்.

இன்னொண்டு, அவன் வாசிக்கப் பழகிற வரைக்கும் மற்றப் பாடத்தை நீங்கள் வாசிச்சுக் குடுங்கோ. எனக்கு அம்மா சுற்றாடல் பாடம் முழுக்க வாசிச்சுக் காட்டினவா, அதாலதான் மற்ற விசயத்தில நான் பின்னுக்கு நிக்கேல்லை. இப்பவும் நான் மெல்லமாத்தான் வாசிப்பன், நீட்டான மெசேஜ் வந்தா போனைக் கொண்டு வாசிக்க வச்சுக் கேப்பன். வெக்கம் ஒண்டும் இல்லை.


பேச்சு மொழிச் சிகிச்சை செய்யிற ஒருத்தி:

ரீச்சர் சொன்னதுக்கு மேல ரெண்டு மூண்டு விசயம் மட்டும். நான் பிள்ளையைப் பாக்காமல் இதுதான் எண்டு பெயர் வைக்கமாட்டன், ஆனா நீங்கள் எழுதினதைப் பாத்தா வடிவாச் சோதிச்சுப் பாக்கவேண்டிய பிள்ளை. மாமி சொன்னதைக் கவனத்தில எடுங்கோ, தேப்பனும் இப்பிடி எண்டது முக்கியமான தகவல், இது குடும்பத்தில வாறது. ஆனா "விடு, தானா வரும்" எண்டதை எடுக்காதேங்கோ. எவ்வளவு சின்னனில உதவி கிடைக்குதோ அவ்வளவுக்கு நல்லது.

இங்கிலாந்தில பிரிங்கிள் மோர்கன் எண்ட டொக்டர் 1896 இல 14 வயசுப் பெடியன் ஒருத்தனைப் பற்றி மருத்துவ இதழில எழுதினவர். கணக்கு நல்லாச் செய்யிறான், புத்திசாலி, ஆனா தன்ர பெயரையே பிழையா எழுதுறான். பாடம் எல்லாம் வாயால மட்டும் நடந்தா இவன்தான் பள்ளிக்கூடத்திலயே கெட்டிக்காரனா இருப்பான் எண்டு அவனைப் படிப்பிச்ச ஆசிரியர் சொன்னவராம். சந்தையில மிச்சக்காசு சொல்ற உங்கட மகனைப் பற்றி வாசிக்கேக்க எனக்கு அந்தப் பெடியன்தான் ஞாபகம் வந்தவன்.

நிறக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்காதேங்கோ. அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் சங்கமும் கண் வைத்தியர் சங்கங்களும் 2009 இல சேந்து அறிக்கை விட்டவை, இந்தப் பிரச்சினை கண்ணால வாறதில்லை, நிறக் கண்ணாடியோ கண் பயிற்சியோ வாசிப்பைத் திருத்தும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை எண்டு. பார்வை குறைவா இருந்தா சாதாரணக் கண்ணாடி போடவேணும், அது வேற. காசில்லாமல் செய்யக்கூடியது ஒண்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் பெரிசா எழுதிக் குடுங்கோ. இத்தாலி, பிரான்ஸ் பிள்ளையளை வச்சு 2012 இல செய்த ஆராய்ச்சியில அப்பிடி இடைவெளி விட்டதாலயே பிழை குறைஞ்சு வேகமும் கூடினது. அது வேற எழுத்து மொழிதான், எண்டாலும் எங்கட பாடப்புத்தகத்தில நெருக்கி அச்சடிச்ச பந்தியைப் பாத்தா எனக்கே கண் வலிக்குது, நீங்கள் ஒரு கொப்பியில அதையே பெரிசா எழுதிக் குடுத்துப் பாருங்கோ.

ஆஸ்பத்திரிக்குப் போகேக்க கொப்பியளையும் கொண்டு போங்கோ. பிள்ளை வைத்திய நிபுணரிட்ட "படிக்கிறான் இல்லை" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, இஞ்ச எழுதின மாதிரியே சொல்லுங்கோ, மாமா மரமர ஆகுது, புத்தகத்தைப் பாடமாக்கிறான், வாய்க்கணக்குச் சரி எண்டு. அவை தேவையான இடத்துக்கு எழுதித் தருவினம். பள்ளிக்கூடத்தில விசேட கல்வி அலகு இல்லாட்டி அதிபரைக் கொண்டு வலயக் கல்வி அலுவலகத்தில விசேட கல்விக்குப் பொறுப்பான ஆளோட கதைக்கலாம். அறிக்கை ஒண்டு கையில இருந்தா பிறகு சோதினை வரேக்கயும் உதவும், பரீட்சைத் திணைக்களம் விசேட தேவை உள்ள பிள்ளையளுக்கு மேலதிக நேரம் மாதிரி வசதியள் குடுக்கிறது, ஆனா பள்ளிக்கூடம் மூலமா முன்கூட்டியே விண்ணப்பிக்கோணும். கடைசி மாசத்தில ஓடித் திரியிற அம்மாமாரைக் கண்டு எனக்குக் கவலையா இருக்கும்.


கோண்டாவில் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. வேலணைத் தம்பி எழுதினதை இவருக்கும் வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் கதைக்காமல் எழும்பி வெளியில போய் நிண்டார். பேந்து வந்து, தானும் அப்பிடித்தான் எண்ணி எண்ணிப் பாடமாக்கினது எண்டார். கலியாணம் கட்டிப் பத்து வருசம், இண்டைக்குத்தான் சொல்றார்.

ரீச்சர், ரெண்டு கேள்வி. சுளகு அரிசி அவனுக்குப் பிடிச்சிருக்கு, எழுத்து விளையாட்டும் சரி. ஆனா புத்தகம் எண்டா இன்னும் ஓடுறான். எழுத்து எல்லாம் முடியிற வரைக்கும் புத்தகமே வேண்டாமோ? மற்றது தங்கச்சிக்காரி, தரம் 1, அவள் இவனை முந்தி வாசிக்கத் தொடங்கிட்டாள், இவன் பிழை விடேக்க அவள் குறுக்க விழுந்து சரியாச் சொல்றாள். அப்ப இவன்ர முகத்தைப் பாக்கேலாது.


ஓய்வு ரீச்சர்:

புத்தகம் வேணும் பிள்ளை, ஆனா வகுப்புப் புத்தகம் இல்லை. யாழ் பொது நூலகத்தில சிறுவர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவனே எடுக்கட்டும். மோட்டச்சைக்கிள் படம் போட்டதோ, மிருகமோ, சின்னப்பிள்ளைப் புத்தகம் எண்டு நீங்கள் முகம் சுழிக்கக்கூடாது.

வாசிக்கிறது இப்பிடி. பக்கத்தில பக்கத்தில இருங்கோ, எதிரில இருக்காதேங்கோ, எதிரில இருந்தா அது சோதினை. நீங்களும் அவனும் ஒரே நேரத்தில சத்தமா வாசியுங்கோ, உங்கட விரல் சொல்லுக்குக் கீழ போகட்டும், அவன்ர வேகத்துக்கு இறங்கி வாசியுங்கோ. தனிய வாசிக்கலாம் எண்டு அவனுக்குப் பட்டா உங்கட கையில ஒரு தட்டுத் தட்டுவான், நீங்கள் உடன நிப்பாட்டோணும். பிழை விட்டா நாலைஞ்சு செக்கன் பொறுங்கோ, தானே திருத்தினாச் சரி, இல்லாட்டி நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ, அவன் திருப்பிச் சொல்லட்டும், பிறகு திரும்ப ரெண்டுபேருமாச் சேந்து வாசிச்சுக்கொண்டு போங்கோ. "எழுத்துக் கூட்டு, கூட்டு" எண்டு கதையின்ர நடுவில நிப்பாட்டி வதைக்காதேங்கோ, எழுத்து வேலைக்குச் சுளகு இருக்கு, இது கதை. ஒரே பக்கத்தை மூண்டு நாள் வாசிச்சாலும் பரவாயில்லை, மூண்டாம் நாள் தன்ர வேகத்தைத் தானே உணருவான், அந்த ருசி அவனுக்குத் தெரியோணும்.

ஆனா பாடமாக்கிற பிள்ளை எண்டபடியா ஒரு கவனம் வேணும். மூண்டாம் நாள் முடிய, அந்தப் பக்கத்தில இருந்து நாலு சொல்லை எடுத்து மட்டையில இடம் மாத்தி எழுதிக் காட்டுங்கோ. மட்டையிலயும் வாசிச்சானெண்டா அது வாசிப்பு.

தங்கச்சி விசயம் லேசில்லை. அவளை அந்த 15 நிமிசம் அப்பம்மாவோடயோ தேப்பனோடயோ விடுங்கோ, பக்கத்தில வேண்டாம். அவளுக்கு ஏச வேண்டாம், அவளுக்கும் வாசிப்பு வந்த சந்தோசம்தானே. அண்ணாட்ட அவள் கேட்டுப் படிக்கிற வேலை ஒண்டையும் தேடிக் குடுங்கோ. மிச்சக்காசுக் கணக்கு அவன்தான் அவளுக்குப் படிப்பிக்கோணும்.


கோண்டாவில் அம்மா:

எல்லாரும் மறந்திருப்பியள், மூண்டரை மாசம் ஆச்சுது. சொல்லாமல் இருக்க மனம் வரேல்லை.

கண் சரி. காது ஒரு பக்கம் கொஞ்சம் குறைவா இருந்தது, மருந்து தந்து இப்ப சரியாம். பிள்ளை வைத்தியர் கொப்பியளைப் பாத்தார், வடிவாக் கேட்டார், வாசிப்புச் சோதினைக்கு எழுதித் தந்தவர், முதல் தரம் போயிட்டு வந்திட்டம், இன்னும் ரெண்டுதரம் போகவேணும். வகுப்பு ரீச்சர் எழுப்பி வாசிக்க விடுறதை நிப்பாட்டிட்டா, கேட்ட உடன ஓம் எண்டா, "எனக்கு இது தோணேல்லை அம்மா" எண்டு சொன்னா.

எல்லா நாளும் நல்லா நடக்கேல்லை. காய்ச்சல் வந்து பத்து நாள் விட்டதில அரைவாசி எழுத்துப் போச்சுது, திரும்பப் பின்னுக்குப் போனம், நான் அழுதனான். சில நாள் 15 நிமிசம் எட்டு நிமிசமாப் போகும். வாசிக்கிற வேகம் இன்னும் வகுப்புக்குக் கிட்டவும் இல்லை. ஸ்கொலசிப் பற்றிக் கேக்கிற ஆக்களுக்கு இவர்தான் இப்ப மறுமொழி சொல்றார், "அவன் முதல்ல வாசிக்கட்டும்" எண்டு. ரியூசனுக்கு விடேல்லை. பின்னேரம் சுளகை எடுத்துக்கொண்டு இவரும் வந்து இருக்கிறார், சில எழுத்தை இவரும் அரிசியில கீறிப் பாக்கிறார்.

போன வியாழன் யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில நிண்டம். இவன் என்ர கையில தட்டினான். என்னடா எண்டு பாத்தா, முன்னுக்கு நிண்ட பஸ்ஸைக் காட்டி மெல்லமா, ஒவ்வொண்டா, "கொ... டி... கா... மம்" எண்டான். கெடிகாமம் எண்டேல்லை. அந்த போர்ட்டை நான் அவனுக்கு ஒருக்காலும் வாசிச்சுக் காட்டினதில்லை. தட்டினது எதுக்கெண்டு பேந்துதான் விளங்கினது, தான் தனிய வாசிக்கப்போறன் எண்டதுக்குத் தட்டியிருக்கிறான்.

ரீச்சர், இப்ப அரவு, விசிறி (ி), கொம்பு எல்லாம் ஓரளவு சரி. கு, சு, து எண்டு உகர வரிசைக்கு வந்து நிக்கிறம், அதில ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மாதிரி மாறுது, எந்த ஒழுங்கில போறது?


ஓய்வு ரீச்சர்:

பிள்ளை, கொடிகாமத்தை வாசிச்சு எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அவனுக்கு நான் சொன்னதா ஒரு சபாஸ் சொல்லுங்கோ.

உகரத்தை அரிச்சுவடி ஒழுங்கில குடுக்காதேங்கோ, உருவத்தைப் பாத்து மூண்டு கூட்டமாப் பிரியுங்கோ. வளைஞ்சு சுத்தி வாறது ஒரு கூட்டம்: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழ நேரா ஒரு கோடு இறங்கிறது அடுத்தது: சு, பு, யு, வு. கீழ சுழிச்சுக் கொண்டு பக்கத்தில கால் எழும்பிறது மூண்டாவது: து, நு, ணு, லு, று, னு. முதல் கூட்டத்தில கு, மு, ரு மூண்டோட தொடங்குங்கோ. "முகம்", "குடம்", "முருகன்", "குருவி" எண்டு அவன் நாளாந்தம் சொல்ற சொல்லாப் பாத்து எடுங்கோ, அந்தக் குருவியை இந்தத் தரம் எண்ணாமல் வாசிக்கட்டும். ஒரு கூட்டத்துக்கு ரெண்டு கிழமை எண்டு வையுங்கோ, கூடினாலும் பரவாயில்லை. கூ, சூ, தூ வை இந்த மூண்டு கூட்டத்தையும் அரிசியில குழப்பாமல் எழுதுற அண்டைக்குத் தொடுங்கோ, அதுக்கு முதல் வேண்டாம்.